எதற்காக இந்தச் சோதனை?



இந்த அரங்கில் ஆசிரியர்கள் அதிகம். பெற்றோரும் கணிசமாக வந்திருக்கிறீர்கள். இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து குழந்தையைப் பற்றிப் பேசிக் கேட்பது அபூர்வம். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உளவியல் சோதனைக்குக் குழந்தையை அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு சீட்டோடு வருகிறார்கள். ‘ஐ.க்யூ பார்த்து அனுப்பவும்’ என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். சீட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “உங்களுக்கு என்ன தெரியணும்?” என்று அம்மாவிடம் கேட்பேன். சற்றுத் தயங்கிவிட்டு அவர் சொல்வார்: “மனக்கணக்கெல்லாம் டக்குனு சொல்றான் மேடம். வாசிக்கச் சொன்னா மட்டும் அழறான். ஏன்னு தெரியல.” இன்னொரு அம்மா, “வீட்ல தங்கமாட்டம் இருக்கா, ஸ்கூல்ல யார்கூடவும் பேசறதே இல்லையாம்” என்பார். இவைதான் கேள்விகள். இவற்றுக்குப் பதில் தேடினால் குழந்தைக்கு ஏதாவது செய்ய முடியும். வெறும் எண்ணைக் கேட்டு வாங்கிப் போனால், அந்த எண் பள்ளிக் கோப்பில் கிடக்கும். குழந்தை அதே கடைசி பெஞ்சில் கிடக்கும். சோதனை என்பது ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் தேடும் வேலை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

இந்தச் சோதனைகள் பிறந்ததே ஒரு கேள்வியிலிருந்துதான். பிரான்சில் 1882-இல் கட்டாயக் கல்வி வந்தது. அதுவரை பள்ளி வாசலே மிதிக்காத பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தார்கள். சிலரால் பாடத்தோடு ஓட முடியவில்லை. யாருக்குத் தனி உதவி தேவை, யார் வெறும் சேட்டைக்காரர் என்று எப்படிப் பிரிப்பது? ஆசிரியர் கைகாட்டிய பிள்ளையை அப்படியே வெளியே அனுப்பிவிட்டால் அநியாயம் நடக்குமே என்ற கவலை இருந்தது. 1904-இல் கல்வி அமைச்சகம் அமைத்த குழுவில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே இருந்தார். அடுத்த ஆண்டே அவரும் தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்து 30 செயல்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வதில் தொடங்கி, இரண்டு கருத்துகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்வது வரை அது படிப்படியாகக் கடினமாகும். 1908-இல் அந்தச் செயல்களை வயது வாரியாக அடுக்கினார்கள்.

பினேயைப் பற்றி ஒன்றைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. தம் இரண்டு மகள்களையும் வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெழுதியவர் அவர். ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரே விஷயத்தை இரண்டு விதமாக யோசிப்பதைப் பார்த்தவர். குழந்தையின் அறிவு பிறவியிலேயே பூட்டி வைத்த அளவு என்று சொன்னவர்களை 1909-இல் வந்த தம் நூலில் கடுமையாக மறுத்தார். தனி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை வகுத்தார். அவரைப் பொறுத்தவரை சோதனையும் பயிற்சியும் ஒரே வேலையின் இரண்டு பாதி. 1911-இல் 54 வயதில் இறந்துபோனார்.

ஆனால் அந்த இரண்டில் முதல் பாதி மட்டுமே கப்பலேறியது. 1912-இல் ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன், குழந்தை செயல்களில் எட்டும் வயதை, அதாவது மன வயதை, உண்மை வயதால் வகுத்து ஒற்றை எண்ணாக்கும் வழியைச் சொன்னார். 1916-இல் லூயிஸ் டெர்மன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனையை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றினார். உளவியலாளர் ஹென்றி கோடார்ட் பினேயின் சோதனையை நியூயார்க் துறைமுகத்துக்கே கொண்டுபோனார். எல்லிஸ் தீவில், நாள்கணக்கில் கடல் கடந்து வந்து இறங்கியவர்களை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதித்து, சில நாட்டினரில் ஐந்தில் நான்கு பேர் மந்தபுத்தி என்று 1917-இல் எழுதினார். குழந்தைக்கு உதவச் செய்த கருவி, மனிதர்களை வடிகட்டும் சல்லடையாகிவிட்டது. கேள்வியை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் நாட்டுக்கும் பினேயின் சோதனை சீக்கிரமே வந்தது. 1922-இல் லாகூரில் சி. எச். ரைஸ் இந்துஸ்தானியில் செய்தார். வி. வி. காமத் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்காக 1930-களில் உருவாக்கியதுதான் ‘பினே-காமத்’ என்று இன்றும் நம் மருத்துவமனைகளில் கையாளப்படுவது. நாகபுரியில் மாலின், வெக்ஸ்லர் என்ற இன்னொரு அறிவுச் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார். இவர்கள் எல்லோரும் பெரிய உழைப்பாளிகள். ஆனால் ஒரு சோதனையின் ஒப்பீட்டு அளவு, அது உருவான காலத்துப் பிள்ளைகளைக் கொண்டு போட்டது. பள்ளியும் சத்துணவும் அச்சும் படமும் பரவப் பரவ, பிள்ளைகள் இந்தக் கேள்விகளுக்கு மேலும் மேலும் நன்றாகப் பதில் சொல்கிறார்கள். 1932-லிருந்து 1978-க்குள் அமெரிக்கர்களின் சராசரி ஏறக்குறைய 14 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் காட்டினார். அப்படியானால் பழைய அளவோடு ஒப்பிடும்போது இன்றைய குழந்தையின் எண் கூடுதலாகத் தெரியும். ‘கூடுதல்தானே, நல்லதுதானே’ என்று தோன்றும். ஆனால் உதவி பெற வேண்டிய குழந்தை தகுதிக் கோட்டுக்கு மேலே நின்றுவிடும்; சான்றிதழும் உதவித்தொகையும் கைக்கு வராமல் போகும். அறிக்கையில் எந்தச் சோதனை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டை நம் ஊருக்கே உரியது. மன வயதை எதால் வகுக்கிறோம்? உண்மை வயதால். உண்மை வயது எது? ஜூனில் பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றி வைத்த பிறந்த நாள் நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு இருக்கிறது! பிறப்புச் சான்றிதழ் கட்டாயமான பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது, இருந்தாலும் “சான்றிதழ்ல இருக்கிறதுதானா, நிஜமும் அதேதானா?” என்று நான் கேட்காமல் விடுவதில்லை. எட்டு மாதம் தள்ளிவைத்த தேதி, ஆறு வயதுப் பிள்ளையின் எண்ணைப் பத்துப் புள்ளிக்கு மேல் புரட்டிவிடும்.

மொழியும் அப்படித்தான். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளை, ஓசூரில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர் மகள் – இவர்களைத் தமிழில் சொற்பொருள் கேட்டுவிட்டு அறிவைக் கணக்கிட்டால் என்ன கிடைக்கும்? எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படிப்பதாலேயே தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதிப்பதும் இதே தவறுதான்.

சோதனைக்கு உட்காரும் முன் இன்னும் சில வேலைகள் உண்டு. முதலில் காது. சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருக்கும் பிள்ளை, பின்வரிசையில் உட்கார்ந்து டிக்டேஷனில் தப்பும் தவறுமாக எழுதும். பிறகு கண். பிறகு, ‘பாடம் நடத்தும்போது எங்கேயோ பார்த்துக் கனவு காண்கிறான்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் நான் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவேன். சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும் ஒருவகை வலிப்பு பள்ளி வயதில்தான் வருகிறது. கீழே விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை. அதனால் யாரும் அதை வலிப்பென்று நினைப்பதில்லை. ஒரு நாளில் பலமுறை வந்தால் பாடத்தில் அங்கங்கே ஓட்டை விழும். அதைக் கவனக்குறைவு என்று முத்திரை குத்துவது கொடுமை.

இப்போது சோதனை அறைக்குள் வாருங்கள். செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. மரப்பலகையில் பத்துப் பள்ளம்: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று. பத்துக் கட்டைகளையும் மூன்று அடுக்காக வைத்துவிட்டு, ‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடு’ என்று சொல்ல வேண்டும். மூன்று முறை போட வைத்து, குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம். அட்டவணையில் பார்த்தால் மன வயது வந்துவிடும். வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் பாருங்கள்: ஒரு சிறுவன் நட்சத்திரத்தைச் சிலுவைப் பள்ளத்தில் வைத்து அமுக்குகிறான், போகவில்லை, இன்னும் பலமாக அமுக்குகிறான். இன்னொருவன் வைத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பி வேறு பள்ளம் தேடுகிறான். ஒரு ஏழு வயதுச் சிறுமி ஒவ்வொரு கட்டையையும் சரியாகவே வைத்தாள்; ஆனால் ஒவ்வொன்றையும் வைத்ததும் கையை எடுக்காமல் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகே அடுத்ததை எடுத்தாள். நேரம் ஏகமாய்ப் போயிற்று. ஸ்டாப்வாட்ச் அவளை மந்தம் என்றது. அவளுடைய தயக்கத்தை ஸ்டாப்வாட்ச் எப்படி எழுதும்? அன்று என் கேள்வி மாறிவிட்டது: இந்தப் பிள்ளை தப்பு செய்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாள்? அந்தக் கேள்விக்கான பதில் பலகையில் இல்லை. தப்பான விடைக்கெல்லாம் அடி விழும் ஒரு டியூஷனில் இருந்தது. டியூஷனை நிறுத்தினார்கள். மாதங்கள் கழித்து அதே பலகையை அதே பிள்ளை என்னைத் திரும்பியும் பாராமல் போட்டு முடித்தாள்.

அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல, எண் ஒன்று போதாது. அன்றாட வாழ்வில் அந்தப் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் சேர வேண்டும். கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, தானே குளித்து உடுத்துகிறானா, பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும் என்று தெரியுமா? எட்கர் டால் 1935-இல் அமைத்த வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவை இதற்குத்தான். மாலின் அதையும் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். இதில் பாட்டியின் வாய்மொழி பெரிய ஆதாரம்; பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள் என்பதை அவர்தான் மறைக்காமல் சொல்வார்.

சின்னக் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை, இரண்டு வயதில் ஆட்டிசத்தின் சாயலைக் கவனிக்க 20 கேள்விகள் கொண்ட எளிய படிவம் உண்டு. அதில் முக்கியமான ஒன்று விரலால் சுட்டுவது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது குழந்தை நீங்கள் காட்டும் திசையில் பார்க்கிறதா? தானும் எதையாவது காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? இல்லையென்றால் ‘பையன் லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பாவும் அப்படித்தான்’ என்று காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரே அரங்கில் இருப்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நடத்தைப் படிவங்களைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கொடுக்கிறோம். இருவர் பதிலும் பொருந்துவதில்லை. தாமஸ் ஆக்கன்பாக்கும் அவர் குழுவினரும் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1987-இல் எழுதினார்கள்: அம்மாவும் அப்பாவும் போல ஒரே இடத்தில் பார்ப்பவர்களுக்குள் ஒட்டுறவு 0.60, பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடத்தில் பார்ப்பவர்களுக்குள் 0.28, பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் பெரியவர்கள் சொல்வதற்கும் 0.22. முழு ஒற்றுமை என்றால் 1 வர வேண்டும். இதை வைத்து ‘டீச்சர் பொய் சொல்றாங்க’ என்றோ ‘வீட்ல செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க’ என்றோ சண்டைக்குப் போகாதீர்கள். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். பிள்ளை இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கே, யாரிடம், எப்போது மாறுகிறது என்பதில்தான் நமக்கு வேண்டிய துப்பு இருக்கிறது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் என்று சொல்லும் ஏ.டி.எச்.டி.க்கு, குறைந்தது இரண்டு சூழல்களில் அறிகுறி இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான்.

அந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கான கடைசி நாள் டிசம்பர் 31. ஒரே வகுப்பில், ஜனவரியில் பிறந்த பையனைவிட டிசம்பரில் பிறந்த பையனுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். பெண்களில் 70 சதவீதம் அதிகம். வகுப்பிலேயே சிறியவனாக இருப்பதற்குப் பெயர் நோயா? உங்கள் ஒன்றாம் வகுப்பில் யார் அடங்காமல் இருக்கிறான் என்று பார்க்கும்போது வருகைப் பதிவேட்டில் அவன் பிறந்த மாதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நடத்தையைப் புரிந்துகொள்ள ஆசிரியர்களால் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. படிவமோ பட்டமோ வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும். மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு என்ன நடந்தது. ‘அடங்கவே மாட்டேங்கிறான்’ என்று எழுதக் கூடாது. ‘பக்கத்துப் பையனின் பென்சில் பாக்ஸைத் தள்ளிவிட்டான்’ என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவன் ஆசிரியை இரண்டு வாரம் இப்படி எழுதி வந்தார். படித்துப் பார்த்தால், ரகளை எல்லாம் தமிழ்ப் பாட வேளையில்தான். அதிலும் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது, அவன் முறை வருவதற்கு இரண்டு மூன்று பேர் முன்னால். பிறகு என்ன நடக்கிறது? வெளியே நிற்க வைக்கிறார்கள். அவனுக்கு வேண்டியது அதுதான்: வாசிக்காமல் தப்பித்துவிட்டான். தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்குப் பரிசு. ஒரு செயலால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நடத்தை மதிப்பீட்டின் உயிர்.

இப்போது கேள்வி துலங்கிவிட்டது: இவனால் ஏன் வாசிக்க முடியவில்லை? இதைத் தமிழில்தான் சோதிக்க வேண்டும். தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது ஒரு குறி எழுத்துக்கு முன்னும் இன்னொன்று பின்னும் நிற்கிறது. ஒலியோ கடைசியில்தான் வருகிறது. கு, சு, து, பு, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. க என்ற ஒரே எழுத்து ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பட்டியலிட்டால்தான் எங்கே பயிற்சி கொடுப்பது என்று தெரியும். அதோடு, கற்றுக்கொடுத்தும் வரவில்லையா, கற்றுக்கொடுக்கவே இல்லையா என்றும் பார்க்க வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் அகரமே எழுதாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று எப்படிச் சொல்வது? ஆறு மாதமாவது குறிவைத்துக் கற்பித்துப் பார்த்து, அதற்குப் பிறகும் வரவில்லையென்றால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அந்த நான்காம் வகுப்புப் பையனுக்கு அது பொருந்தியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் என்று சலுகைகள் உண்டு. வரிசை வாசிப்பில் அவனை எழுப்புவதை ஆசிரியை நிறுத்தினார்; முந்தின நாளே அவனிடம் இரண்டு வரியைக் கொடுத்து வீட்டில் பழகி வரச் சொன்னார். ரகளை அந்த வாரமே அடங்கியது.

வளரிளம் பருவத்துக்கு வருகிறேன். இங்கே முதல் விதி, பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பதினைந்து வயதுப் பெண் சுவரைத்தான் பார்ப்பாள். இரண்டாவது, ரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘நீ சொல்றது நமக்குள்ளதான். உன் உயிருக்கு ஆபத்துன்னா, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா மட்டும் சொல்லியாகணும்.’ பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. அதைப் பிள்ளை பிறகு தெரிந்துகொண்டால் துரோகம் என்றே நினைக்கும். பேச்சு வீட்டில் தொடங்கிப் பள்ளி, நண்பர்கள், பொழுதுபோக்கு என்று போய், போதை, காதல், உடல், மனச்சோர்வு, சாவு என்று மெல்லக் கடினமான இடத்துக்குப் போக வேண்டும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம். ‘எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான்’ என்று நீங்கள் சொல்லும் பையன் இரவில் தூங்குகிறானா என்று பாருங்கள்.

‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல். பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு ஆசிரியராவது ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அது 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

கடைசியாக அறிக்கை. நீங்கள் கேட்ட கேள்வி அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எண் இருந்தால், அது எந்த எல்லைக்குள் ஏறி இறங்கலாம் என்றும் இருக்க வேண்டும். 72-க்கும் 68-க்கும் நடுவே குழந்தை மாறிவிடுவதில்லை. பிள்ளைக்கு நன்றாக வருவது எது என்று எழுதியிருக்க வேண்டும். வகுப்பறையில் என்ன செய்வது, வீட்டில் என்ன செய்வது என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். இவை இல்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதில் வாங்கினால் அதோடு முடிவதில்லை. பிறகும் குறிப்பிட்ட கட்டங்களில் மறுபடி பார்க்க வேண்டும்.

பிள்ளையிடமும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைப் பார்த்த பிள்ளை, தனக்கு என்னமோ பெரிதாக ஆகிவிட்டது என்றே முடிவு கட்டும். அந்த நான்காம் வகுப்புப் பையனிடம் நான் இப்படிச் சொன்னேன்: “உனக்குக் கணக்கு நல்லா வருது. எழுத்தைப் பாத்ததும் சத்தம் ஞாபகம் வர உனக்குக் கொஞ்சம் நேரம் ஆகுது. அதுக்குத் தனியா சொல்லித் தர ஆள் இருக்காங்க.” “அப்ப நான் மக்கு இல்லையா?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். அந்த வார்த்தையை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவன் அம்மா கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி உங்கள் கேள்விகள். பொதுவான சந்தேகங்களை இங்கேயே கேளுங்கள். உங்கள் பிள்ளையையோ உங்கள் மாணவரையோ பற்றிய கேள்வி என்றால் ஒலிபெருக்கியில் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் இருப்பேன், ஒவ்வொருவராக வாருங்கள்.